ஆடினாலும் விழாத விடுதி

கிளிநொச்சியில் இறங்கி முதல் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் அந்தக் கேள்வி வந்துவிட்டது.

"பூமியதிர்ச்சி மிஸ் நீங்களோ?" என்றார் கடைக்காரர். "வன்னியிலை பூமி ஆடுமோ?"

நான் யார் என்று அவருக்குச் சொன்னது சிவகாமியாகத்தான் இருக்க வேண்டும். என்னை அழைத்துப்போக ஆட்டோவுடன் வந்திருந்த பெண். என் பெட்டியைப் பின்னிருக்கையில் ஏற்றிவிட்டு, கடை வாசலில் சாய்ந்துகொண்டு, நான் என்ன பதில் சொல்லப்போகிறேன் என்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பெரிசா ஆடாதுங்க. எப்பவாவது சின்னதா அதிரலாம்," என்றேன்.

"அப்ப என்னத்துக்கு இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். கண்டாவளைப் பக்கம், வயல்களுக்கு நடுவே ஒரு சிறிய ஆஸ்பத்திரி இருக்கிறது. பிரசவத்துக்கு என்று தனி இடம் இல்லை. காய்ச்சல்காரர்களும் கர்ப்பிணிகளும் ஒரே கூரையின் கீழ். நடுவில் ஒரு துணித் திரை. அந்த ஊரிலிருந்து போய் நியூசிலாந்தில் குடியேறிய சில குடும்பங்கள் சேர்ந்து இரண்டு மாடியில் ஒரு பிரசவக் கட்டடம் எழுப்பித்தர முன்வந்தன. அவர்கள் இப்போது வாழும் ஊரில் நிலம் நிஜமாகவே ஆடும். ஆடி முடிந்த பிறகு மனிதர்கள் முதலில் ஓடுகிற இடம் ஆஸ்பத்திரி என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள். ஆகவே, ஊரில் எது விழுந்தாலும் இது நிற்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள். சென்னையில் நான் வேலை பார்க்கும் அலுவலகம் அதற்கேற்பக் கட்டமைப்பு வரைபடங்களைப் போட்டுக் கொடுத்தது. தூண்களுக்கு கொங்கிறீட் ஊற்றுவதற்கு முன் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும். யார் போவது என்று கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். மதுரையில் பிறந்து சென்னையில் குப்பை கொட்டுகிறவளுக்கு இலங்கை பார்க்க வேறு எப்போது வாய்க்கும்?

வரைபடத்தின் தலைப்பில் 'மகப்பேற்று விடுதி' என்று அந்த ஊர்க்காரர்கள் எழுதி அனுப்பியிருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "விடுதின்னா வரவேற்பு மேசை எங்கே?" என்று கேட்டார். இலங்கையில் ஆஸ்பத்திரி வார்டைத்தான் விடுதி என்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நல்லவேளை, அறைக்கு அறை தொலைக்காட்சி வைக்கவில்லை.

ஆஸ்பத்திரியின் மூத்த தாதி தவமலர் வீட்டில் எனக்குத் தங்கல். ஐம்பதைத் தாண்டியவர். எதையும் வேகமாகச் செய்கிறவர். நடப்பதும் பேசுவதும் ஊசி போடுவதும் ஒரே வேகம். வாசலில் என்னைக் கண்டதும், "வாங்கோ தங்கச்சி, குசினிக்குள்ள வாங்கோ, இருங்கோ," என்றார். எங்கள் ஊரில் 'இருங்க' என்றால் கொஞ்சம் பொறுங்கள் என்று பொருள். நான் பெட்டியைப் பிடித்தபடி பொறுத்துக்கொண்டே நின்றேன். அவர் புட்டை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இருங்கோ எண்டு சொன்னனான் எல்லோ?"

"இருக்கேன் அக்கா."

"எங்க இருக்கிறியள்? நிக்கிறியள்!" என்று கதிரையை இழுத்துப் போட்டார். இங்கே 'இரு' என்றால் உட்கார். அன்று இரவு உணவுக்குப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சம்பலும். எங்கள் மதுரையில் புட்டை வாழைப்பழத்தோடு பிசைந்து இனிப்பாகச் சாப்பிடுவோம் என்று சொன்னேன். தவமலர் அக்கா, ஒரு நோயாளியின் விசித்திரமான அறிகுறியைக் கேட்பதுபோல் மிகவும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். பழைய விடுதிக்குப் பக்கத்திலேயே புதிய கட்டடம். அத்திவாரம் முடிந்து, தூண்களின் கம்பிக் கூடுகள் வரிசையாக நின்றன. சுற்றிலும் உழுது போட்ட வயல்கள். மேலே சாம்பல் நிற மேகங்கள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. கொந்தராத்துக்காரர், அதாவது ஒப்பந்தக்காரர், யோகநாதன் தொப்பியும் பெரிய மீசையுமாக வரவேற்றார்.

"எல்லாம் ரெடி மிஸ். நாளைக்கு கொங்கிறீட். நீங்கள் ஒருக்காப் பாத்து ஓம் எண்டு சொன்னாச் சரி."

நான் பார்த்தேன். ஓம் என்று சொல்ல முடியவில்லை.

ஒரு தூணுக்குள் நெட்டாக நிற்கும் கம்பிகளைச் சுற்றி, கைக்கு வளையல் போட்டதுபோல வளையங்கள் வரும். ஒவ்வொரு வளையத்தின் இரண்டு நுனியும் கொக்கியாக உள்நோக்கி மடங்கி, தூணின் நெஞ்சுக்குள் போய் நிற்க வேண்டும். வரைபடத்தில் அதைப் பெரிதாகவே போட்டிருந்தோம். இங்கே நுனிகள் சட்டைக் காலர்போல ஓரத்திலேயே மடிந்து கிடந்தன. அப்படி மடிப்பது சுலபம், வளையத்தைக் கோப்பதும் சுலபம். சாதாரண நாளில் ஒன்றும் ஆகாது. நிலம் ஆடினால் தூணின் வெளிப்பக்கம் உதிரும். உதிர்ந்ததும் அந்த நுனிகள் அவிழும். அவிழ்ந்தால் உள்ளே நிற்கும் கம்பிகள் பிதுங்கித் தூண் உட்கார்ந்துவிடும். தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் வளையங்கள் நெருக்கமாக வர வேண்டும். அங்கேயும் இடைவெளி விட்டிருந்தார்கள்.

"நாளைக்கு ஊத்த முடியாதுங்க," என்றேன்.

யோகநாதன் மீசையைத் தடவினார். "மிஸ், நான் கட்டின கட்டடம் ஒண்டும் இதுவரைக்கும் விழேல்லை. இஞ்ச விழுந்ததெல்லாம் மேலையிருந்து வந்து விழுத்தினது. பூமி ஒருநாளும் எங்களை ஒண்டும் செய்யேல்லை."

போர்க்காலக் குண்டுகளைச் சொல்கிறார். வரைபடத்தை விரித்தேன். அவர் அதை மரியாதையாகப் பார்த்தார். மேகத்தை இன்னும் மரியாதையாகப் பார்த்தார்.

சத்தம் கேட்டுத் தவமலர் அக்காவும் வந்தார். அவர் என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

"தங்கச்சி, மழை துவங்கினா இந்தப் பெடியள் எல்லாரும் விதைக்கப் போயிடுவினம். பேந்து அறுவடை முடியத்தான் வேலை. அதுவரைக்கும் என்ர பிள்ளைத்தாச்சியள் காய்ச்சல்காரரோட கிடக்கிறதோ? வராத பூமியதிர்ச்சிக்காக வாற பிள்ளையளைக் காக்க வைக்கிறதோ?"

முந்தின நாள் எனக்குப் புட்டு பரிமாறிய கை இப்போது இடுப்பில் இருந்தது. சென்னையில் உட்கார்ந்து வரைபடத்தில் சிவப்பு மையால் சுழிப்பது எளிது. அங்கே யாருடைய மழையும் நம் தலைமேல் நிற்பதில்லை. ஆனாலும் ஒரு தூணைக் கண்ணால் பார்த்த பிறகு, பார்க்காததுபோல் இருக்க என்னால் முடியாது. இல்லை என்று மறுபடியும் சொன்னேன். யாரும் சண்டை போடவில்லை. அவரவர் வேலைக்குக் கலைந்தார்கள். அது சண்டையைவிட மோசம்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு முறை முயன்று பார்க்கலாம் என்று தோன்றியது. வேலைக்காரர்கள் தேநீர் போட ஒரு கொட்டில் போட்டிருந்தார்கள். நான்கு தடி, மேலே தென்னங்கிடுகு, அதன்மேல் காற்றுக்குப் பறக்காமலிருக்கச் சில கற்கள். உள்ளே சோற்றுப் பானையும் பருப்பும் மீன்குழம்பும் காத்திருந்தன. எல்லோரும் கை கழுவ வெளியே நின்றார்கள்.

"இங்க பாருங்க, இதையே கட்டடமா நினைச்சுக்கங்க," என்று ஒரு தடியைப் பிடித்தேன். "நிலம் ஆடினா கீழ ஆடும். மேல இருக்கிற எடை வேற பக்கம் இழுக்கும்…" என்று மெதுவாக ஆட்டினேன். கொட்டில் கிறீச்சிட்டது. "பாத்தீங்களா, இப்படி…" என்று இன்னும் கொஞ்சம்.

கொட்டில் ஒரு பெருமூச்சு விட்டு, முழுசாகச் சாய்ந்து, சோற்றின் மேல் படுத்துக்கொண்டது.

கிடுகுக்கு அடியிலிருந்து மீன்குழம்பு மெல்ல வழிந்து மணலில் இறங்கியது. அத்தனை ஆண்களின் மத்தியானச் சாப்பாடு அது. ஓடிவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஆட்டோவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சிவகாமி வெடித்துச் சிரித்தாள். அவளைத் தொடர்ந்து ஒருவர், இன்னொருவர். கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லோரும்.

யோகநாதன் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, விழுந்த தடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"தடி ஒண்டும் முறியேல்லை," என்றார். "கட்டுத்தான் அவிண்டுபோச்சு."

கையில் அவிழ்ந்த கயிற்றோடு நிமிர்ந்து, கம்பிக் கூடுகளைப் பார்த்தார். பக்கத்துத் தூணருகே போய், ஒரு வளையத்தின் நுனியை விரலால் தடவினார்.

"இதைத்தானோ காலமையிலையிருந்து சொல்லுறியள்?"

"ஆமாங்க. கம்பி நல்ல கம்பிதான். கட்டுதான் அவிழ்ந்துரும்."

"இதை அப்பவே இப்பிடிச் சொல்லியிருக்கலாமே மிஸ். கொட்டிலை விழுத்தித்தான் சொல்லோணுமோ?"

இப்போது அவரும் சிரித்தார். பிறகு மேகத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். நீளம் போதுமான வளையங்களை நிற்கிற இடத்திலேயே நுனியில் குழாயை மாட்டி நெம்பி உள்ளே மடிக்கலாம், குட்டையானவற்றைக் கழற்றி வேறு போடலாம் என்று அவரே வழி சொன்னார். அன்று ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து பாண் ரொட்டியும் சம்பலும் வந்தன. அனுப்பியது தவமலர் அக்கா. கூட வரவில்லை.

மாலையில் வீடு திரும்பியபோது அவர் முற்றத்தில் வெண்டிக்காய் பறித்துக்கொண்டிருந்தார். நானும் கூடப் போய்ப் பறித்தேன். பறித்தபடியே அவராகவே பேசினார்.

"சண்டை நேரம் நான் வேலை செய்த ஒரு ஆஸ்பத்திரி வாட்டின்ர கூரை விழுந்தது. கட்டிலுக்குக் கீழ படுத்த ஆக்கள் தப்பிச்சினம். எழும்ப ஏலாத ஆக்கள் கட்டில்லையே கிடந்தவை." வெண்டிக்காயைக் கூடையில் போட்டார். "காலமை அவசரத்தில கதைச்சுப்போட்டன். சுறுக்கா, கெதியா வேணும்தான். விழுகிற கட்டடம் கெதியா வந்து என்ன?"

அதற்குமேல் அந்தக் கதை இல்லை. "நாளைக்கு இடியப்பமோ தோசையோ?" என்று கேட்டார். இடியப்பம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. நாயாற்றுப் பக்கம் கூட்டிப்போகிறேன் என்று சிவகாமி வந்து நின்றாள். அவள் பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். அவள் பிறந்து வளர்ந்தது விசுவமடுவில். வீட்டுப் பேச்சு ஒன்று, வெளிப் பேச்சு ஒன்று வைத்திருந்தாள். கடைக்காரரிடம் "ஓம் அண்ணை, வாறன்" என்பவள், என்னிடம் திரும்பி, "வாங்கக்கா போலாம், வெயில் ஏறிரும்" என்பாள். இரண்டு மொழிக்கும் இடையில் அவளுக்கு கியர் மாற்றவே தேவையில்லை.

நாயாற்றில் கடலும் களப்பு என்கிற உப்பங்கழியும் ஒன்றையொன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. சிவகாமிக்குத் தெரிந்த ஒரு மீனவர் வீட்டில் சோறும் றால் குழம்பும் கிடைத்தன. றால் என்றால் நம்ம இறால்தான். 'இ'யைக் கடலில் விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தச் சுவை! தேங்காய்ப்பாலும் மிளகாய்த்தூளும் ஒன்றையொன்று மன்னித்துவிட்ட குழம்பு. வீட்டுக்கார அம்மா என் இலையைப் பார்த்துவிட்டு, "இந்தியாவிலை றால் இல்லையோ?" என்று கேட்டார். அவ்வளவு வேகமாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

திரும்பும் வழியில், ஆளரவமற்ற நீண்ட வீதியில், ஆட்டோ இருமி நின்றது. ஆக்சிலேட்டர் வயர் அறுந்துவிட்டது. ஒரு வண்டியும் வரவில்லை. காட்டோரம் நின்ற எருமைகள் மட்டும் எங்களை அக்கறையோடு பார்த்தன. சிவகாமி பதறவில்லை. பின்னால் இயந்திரத்தைத் திறந்து, எங்கேயோ ஒரு நைலோன் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பின்னிருக்கையில் இருந்த என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, நான் ஓட்டுறேன். நீங்க இழுங்க. கூட்டுன்னா இழுங்க, குறைன்னா விடுங்க."

அப்படியே போனோம். "கூட்டுங்க! குறைங்க! பள்ளம், குறைங்க! அக்கா தூங்காதீங்க!" என்று முன்னாலிருந்து கட்டளைகள். எதிரே லாண்ட்மாஸ்டர் கை டிராக்டரில் வந்த விவசாயி ஒருவர், கையில் கயிற்றோடு பல்லைக் கடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து வண்டியை மெதுவாக்கினார்.

"ஆர் பிள்ளை ஓடுறது?"

"ரெண்டு பேருந்தான்!" என்று கத்தினாள் சிவகாமி.

வீடு சேர்ந்தபோது என் உள்ளங்கை சிவந்திருந்தது. சென்னையில் எத்தனையோ ஆட்டோவில் போயிருக்கிறேன். ஓட்டியது அதுதான் முதல் தடவை.

திங்கள் முதல் கம்பி மடிக்கும் வேலை. தொடக்கத்தில் நான்தான் தூண் தூணாகப் பார்த்து வந்தேன். சீக்கிரமே யோகநாதன் என்னை மிஞ்சிவிட்டார். ஒவ்வொரு கொக்கிக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்து, "இது நெஞ்சுக்குள்ள போகேல்லை, திருப்பி மடி" என்று சொந்த ஆட்களைப் படுத்தி எடுத்தார். வேலையை வேடிக்கை பார்க்க வந்து நிற்கிறவர்களுக்கெல்லாம், கொட்டில் விழுந்த கதையைக் கைகால் வைத்துச் சொன்னார். அவர் சொல்லச் சொல்லக் கொட்டில் பெரிதாகிக்கொண்டே போனது. நான் புறப்படுகிற சமயத்தில் அது கிட்டத்தட்ட ஒரு மாடி வீடு.

அவர்கள் கம்பி மடிக்கும் நேரத்தில் நான் பழைய விடுதிக்குள் புகுந்தேன். ஆஸ்பத்திரியில் கட்டடம் நின்றால் மட்டும் போதாது. மருந்து அலுமாரி கட்டில்மேல் விழக் கூடாது, ஆக்சிஜன் சிலிண்டர் உருளக் கூடாது. அலுமாரிகளைச் சுவரோடு இரும்புப் பட்டை வைத்துப் பிணைக்கலாம் என்றேன். தவமலர் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"பின்னால கூட்டுறது எப்பிடி? எலி வீடு கட்டும்."

நிலநடுக்கத்துக்கு என்னிடம் விடை இருந்தது, எலிக்கு இல்லை. கடைசியில் அலுமாரிகளைக் கால் வைத்து உயர்த்தி, அடியில் விளக்குமாறு போக இடம் விட்டு, சுவரோடு பிணைத்தோம். திரைக்கு அப்பால் படுத்திருந்த காய்ச்சல்காரர் ஒருவர், "மிஸ்ஸி, என்னையும் கட்டிலோட கட்டப் போறியளோ?" என்று கேட்டார். இங்கே தாதியை மிஸ்ஸி என்கிறார்கள், என்னை மிஸ் என்கிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் இல்லை என்றோம்.

கொங்கிறீட் ஊற்றும் நாள் விடிந்தபோதே கிழக்கு கறுத்திருந்தது. இன்று விட்டால் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. கலவை மெசின் இரைந்தது. கொங்கிறீட் நிரம்பிய தாச்சிச் சட்டிகள் கை மாறிக் கை மாறிப் போயின. தூண் தூணாக நிரம்பின. மத்தியானத்துக்குப் பிறகு சில தூண்களே மீதி. அப்போது தவமலர் அக்கா ஓடி வந்தார். வேகமாக நடப்பவர்தான், ஓடி அன்றுதான் பார்த்தேன்.

"ஒரு பெட்டை வந்திருக்கிறாள், முதல் பிள்ளை. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப நேரமில்லை, தலை தெரியுது. பயத்தில நான் சொல்லுறது ஒண்டும் செய்யிறாள் இல்லை. இந்தச் சத்தத்தில நான் சொல்லுறது அவளுக்குக் கேக்கவே இல்லை. மெசினை நிப்பாட்டுவியளோ?"

யோகநாதன் என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன். பாதியில் நின்றது ஒன்று.

"இந்தத் தூணை முடிச்சிட்டு நிறுத்தலாம். நடுவுல விடக் கூடாது," என்றேன். "ஒரு தூணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கலாம்."

"மழை நிக்காதே மிஸ்," என்றார் யோகநாதன். சொல்லிக்கொண்டே தாச்சியைத் தானே வாங்கி ஊற்றினார். அந்தத் தூண் நிரம்பியதும் போய் மெசினை நிறுத்தினார்.

அந்த அமைதி காதில் விழுந்தது. எல்லோரும் இருந்த இடத்தில் உட்கார்ந்தோம். மணல் குவியலருகே ஓர் இளைஞன் நின்றான். முழங்கால்வரை வயல் சேறு. அவன்தான் கணவன் என்று கேட்காமலே தெரிந்தது. ஜன்னல் வழியாகத் தவமலர் அக்காவின் குரல் தெளிவாக வந்தது: "என்னைப் பார் மோனை. மூச்சை எடு. இப்ப இல்லை… இப்ப இல்லை… ஓம், இப்ப!"

ஒரு பெரிய துளி என் கையில் விழுந்தது. யோகநாதன் சைகை காட்ட, ஆட்கள் சத்தமில்லாமல் எழுந்து, ஊற்றிய தூண்களின் தலையை ரெண்டால் மூடினார்கள். ரெண்டு என்றால் தார்ப்பாய். மூடிவிட்டு மீண்டும் உட்கார்ந்தார்கள். இன்னும் சில துளிகள். நான் மீதித் தூண்களை எண்ணுவதை நிறுத்திவிட்டேன். வேறு எதையோ வேண்டிக்கொண்டிருந்தேன்.

அழுகை வந்தது. முதலில் பூனைக்குட்டிபோல ஒரு சின்னச் சத்தம். பிறகு முழுக் குரலில், கோபமாக.

சேற்றுக்காலோடு நின்றவன் மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். யோகநாதன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். வியர்வைதான் என்று வைத்துக்கொள்வோம். ஜன்னலில் தவமலர் அக்காவின் தலை தெரிந்தது.

"பொம்பிளைப் பிள்ளை! ரெண்டு பேரும் சுகம்! என்ன பாத்துக்கொண்டிருக்கிறியள், மெசினைப் போடுங்கோ!"

மெசின் இரைந்தது. தூறலில் தாச்சிகள் ஓடின. அந்த இளைஞன் உள்ளே போய்விட்டு உடனே திரும்பி வந்தான். "கழுவிப்போட்டுத்தான் பிள்ளையைத் தரலாமாம், கொஞ்சம் பொறுக்கட்டாம்," என்றான். பொறுக்க அவனால் முடியவில்லை. யாரும் கேட்காமலே வரிசையில் வந்து நின்று கையை நீட்டினான். அடுத்தவர் அவன் கையில் தாச்சியை வைத்தார். மழை பிடிக்கும்போது கடைசித் தூணின் கடைசித் தாச்சியை ஏணியேறி ஊற்றியது அவன்தான். ஊற்றிவிட்டு அப்படியே குதித்து, மகளைப் பார்க்க ஓடினான்.